வேட்டைக்கு முந்தின நாள் சாப்பாடு

அமரில்லோ, டெக்சாஸ்
18 செப்டம்பர் 2016

அன்புத் தம்பி ஆர்வித்துக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் செப்டம்பர் பாதி முடிந்தும் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ அங்கே எல்ம் பேயில் ஏற்கெனவே ஸ்வெட்டர் போட்டிருப்பாய். போனைத்தான் பிடுங்கிப் போட்டுவிட்டாய், கடிதத்துக்காவது பதில் போடக்கூடாதா? கோடையில் இரண்டு கடிதம் எழுதினேன். உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு தபால் அட்டை, அதிலும் மழை பெய்கிறது என்று மட்டும். மிச்சிகனில் மழை பெய்வதைச் சொல்ல ஒரு தம்பி எதற்கு?

ஏப்ரலில் மில் வேலை போனது, ஜூனில் பெண்டாட்டி டாரீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டும் அடுத்தடுத்து. எப்படி இருக்கிறாய் என்று உண்மையாகச் சொல். வீராப்பு வேண்டாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர்களையெல்லாம் உட்கார வைத்து நாள் முழுக்கப் பாடம். கூட்டத்தில் புகுந்து சுடுகிறார்களே, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு பேராசிரியை வந்து சொன்னாள். பக்கத்து நாற்காலி வாண்டா, "பஸ் நிறைய எட்டாங்கிளாஸ் பிள்ளைங்கள வெச்சு ஓட்டுறவளுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா?" என்று முணுமுணுத்தாள். மத்தியானத்துக்கு மேல் அவளும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

எழுது. நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா ஐலா

~

எல்ம் பே, மிச்சிகன்
27 செப்டம்பர் 2016

அன்புள்ள அக்கா,

டெக்சாஸ் போயும் உன் வாய் குறையவில்லை. சந்தோஷம்.

உண்மையைச் சொல் என்றாய். சொல்கிறேன். எனக்குத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் அந்த ஏப்ரல் காலைதான். லைல் பெர்க் ஃபோர்மன் ஆனது எப்படி? மெஷினில் கை வைக்கவே பயந்தவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது நான். ஒரே முகாமில் மான் வேட்டைக்குப் படுத்தவர்கள். அவன் என் கையில் ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்து, காவலாளியைப் பின்னால் விட்டு, கேன்டீன் வழியாக வெளியே நடக்க வைத்தான். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேன்டீனில் சமைக்கிற பெர்னீஸ் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ஆர்வித், என்ன ஆச்சு?" என்று கேட்டாள். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். லைல் தரையைப் பார்த்தான்.

அந்தப் பேராசிரியை என்ன சொன்னாள்? எப்படிப்பட்டவனாம் அவன்? எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி
ஆர்வித்

~

அமரில்லோ
4 அக்டோபர் 2016

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் படித்து லைலின் காதைத் திருகலாம் போல இருந்தது. சின்ன வயதில் நம் வீட்டில் எத்தனை முறை கொட்டிக்கொண்டவன் அவன்! நன்றி கெட்டவன். ஆனால் ஆர்வித், மேலே இருப்பவன் அனுப்பச் சொன்னதை அவன் செய்திருப்பான். கோழைத்தனம்தான், பகை இல்லை.

பேராசிரியை சொன்னதைக் கேட்டாயே. அவர்களுக்கென்று ஒரு முகம் கிடையாதாம். பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயமும் இல்லையாம். ஆனால் வந்த பாதை பலருக்கும் ஒன்றாக இருக்கிறது என்றாள். சின்ன வயதில் அடி உதை பார்த்தவர்கள், பெற்றவர்களில் ஒருவரைக் கோரமாக இழந்தவர்கள் நிறைய. அப்புறம் பெரியவனான பிறகு வேலையோ குடும்பமோ மானமோ போய், அதற்கு இன்னார்தான் காரணம் என்று ஒருத்தரைப் பிடித்துக்கொள்வார்களாம். தனக்கு முன்னால் இப்படிச் செய்தவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பார்களாம். துப்பாக்கிக்கு எங்கேயும் அலைய வேண்டாம், வீட்டிலேயே இருக்கும், இல்லை கடையில் முறையாக வாங்கியிருப்பார்கள். பலருக்கு அதற்கப்புறம் உயிரோடு இருக்கிற எண்ணமே இல்லையாம். அதனால் தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்திப் பயனில்லை என்றாள்.

எனக்கு மனசில் நின்றது வேறொன்று. பெரும்பாலும் யாரிடமாவது முன்கூட்டியே ஏதாவது சொல்லிவிடுகிறார்களாம். கேட்டவர்கள் "சும்மா உளறுகிறான்" என்று விட்டுவிடுகிறார்கள். வாண்டா கையைத் தூக்கி, "நேரா கேட்டா இல்லாத எண்ணத்தை நாமளே கெளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?" என்றாள். "ஆகாதும்மா. கேளுங்க. யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்திருந்தவங்களையும் நான் பாத்திருக்கேன்" என்றாள் அவள்.

சரி, போதும் இந்த இழவுப் பேச்சு. உருளைக்கிழங்கு எடுத்தாயிற்றா?

அன்புடன்,
ஐலா

~

எல்ம் பே
15 அக்டோபர் 2016

அக்கா,

அந்தப் பொம்பளை நம் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாளா என்ன? அப்பாவின் பெல்ட், அம்மா ஏரிக்குள் நடந்துபோன அந்த மார்ச் மாதம், எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாளே. நல்லவேளை, பெயர் போடவில்லை.

ராத்திரியில் தூக்கம் வராமல் நானும் அவர்களில் சிலரைப் பற்றிப் படித்தேன். டிவியில் அரக்கன் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருத்தனை எல்லாரும் சேர்ந்து இல்லாதவனாக்கினால், தான் இருக்கிறேன் என்று அவன் எப்படித்தான் காட்டுவது? அந்தக் காலைக்கு அப்புறம் மில்லிலிருந்து ஒருத்தன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கடையில் பார்த்தால், "எப்படி ஆர்வித் போய்ட்டிருக்கு?" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள்.

உருளைக்கிழங்கு எடுக்கவில்லை. மண்ணிலேயே கிடக்கிறது.

ஆர்வித்

~

அமரில்லோ
24 அக்டோபர் 2016

ஆர்வித்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிடிக்கவே இல்லை.

நானும் அதே வீட்டில்தான் வளர்ந்தேன், மறந்துவிட்டாயா? உனக்கு விழுந்த பெல்ட் எனக்கும் விழுந்தது. அம்மாவைத் தேடி ஏரிக்கரையில் ஓடியது நானும்தான். நான் இங்கே ஊரான் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் அப்படி ஆவதில்லை, ஆகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் என்று அந்தப் பேராசிரியை படித்துப் படித்துச் சொன்னாள். அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் நாளுக்கு இங்கே வா. டிக்கெட் நான் அனுப்புகிறேன். வான்கோழியைக் கருக்கிவிடுவேன், சேர்ந்து திட்டிக்கொண்டே சாப்பிடலாம். பதில் எழுது. உடனே.

ஐலா

~

எல்ம் பே
2 நவம்பர் 2016

அன்புள்ள அக்கா,

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இப்போது மனசு லேசாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன். பல நாளாகத் தவித்த ஒரு விஷயத்தில் முடிவு எடுத்துவிட்டேன், அதனால்தான்.

அம்மாவின் காபி கெண்டியைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அது உன்னிடம் இருப்பதுதான் நியாயம். மூடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், கொஞ்சம் ஆடும்.

தினமும் ஜல்லிக்குழிப் பக்கம் போய் அப்பாவின் துப்பாக்கியில் குறி சரிபார்க்கிறேன். கை இன்னும் தவறவில்லை. ஆனால் இந்த வருஷம் மான் லைசென்ஸ் வாங்கவில்லை. மான் என்ன பாவம் செய்தது?

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் மில்லில் போடுகிற காலைச் சாப்பாடு ஞாபகமிருக்கிறதா? எல்லா ஷிப்டும் கேன்டீனில் கூடுமே, அது இந்த முறை பதினான்காம் தேதி, திங்கட்கிழமை வருகிறது. பெர்னீஸைக் கடையில் பார்த்தபோது, "அன்னிக்கு லீவு போட்டுடு" என்றேன். "நான் லீவு போட்டா அத்தனை பேருக்கு முட்டை யார் பொரிப்பா, நீயா?" என்று சிரித்தாள். நல்ல பெண்.

நன்றி சொல்லும் நாளுக்கு என்னால் வர முடியாது. நீ எனக்கு நல்ல அக்காவாக இருந்தாய்.

உன் தம்பி
ஆர்வித்

~

அமரில்லோ
7 நவம்பர் 2016, காலை

ஆர்வித்,

நாளைக்கே சேருகிற தபாலில் இதைப் போடுகிறேன். போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். விமானத்தில் இல்லை, காரில். விமான நிலையத்தில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியாது.

மான் லைசென்ஸ் வாங்காமல் தினமும் குறி சரிபார்க்கிறவன் நம் ஊரில் யார் இருக்கிறான்? துப்பாக்கிக் கடை கஸ்ஸுக்கு போன் போட்டேன். "தோட்டா வாங்கினான், லைசென்ஸ் வேணாமானு கேட்டேன், இந்த வருஷம் வேணாங்கறான். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, ஐலா" என்றான். ஷெரீஃப் ஆபீசுக்கும் பேசினேன். "நவம்பர் மாசத்துல இந்த ஊர்ல துப்பாக்கி தொடைக்காதவன் யாரும்மா?" என்று சிரித்தார்கள். பெர்னீஸிடம் லீவு போடு என்று நீ சொன்னதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. உன்னைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன், உன் முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்ய மாட்டேன்.

இப்போது நேராகக் கேட்கிறேன். பதினான்காம் தேதி நீ மில்லுக்குப் போய் ஆட்களைச் சுடப் போகிறாயா? அப்புறம் உன்னையும் சுட்டுக்கொள்ளப் போகிறாயா?

ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். நான் கத்த மாட்டேன், ஓடவும் மாட்டேன். வந்துகொண்டிருக்கிறேன். கோட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, தேட நேரமும் இல்லை.

உன் அக்கா

~

எல்ம் பே
12 பிப்ரவரி 2017

அன்புள்ள அக்கா,

நீ கடைசியாக எழுதிய கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நீ கிறிஸ்துமஸ் வரை இங்கேயே இருந்தாய், தினமும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தோம், அப்போதும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும்போல் இருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. படித்தவுடன் பையில் துணி, துப்பாக்கி, தோட்டா எல்லாம் எடுத்து வைத்தேன். நீயோ ஷெரீஃப் ஆளோ வருவதற்குள் எங்காவது மோட்டலில் போய் ஒளிந்துகொண்டு, திங்கட்கிழமை நேராக மில்லுக்குப் போவது என்று. வண்டியைக் கிளப்பிவிட்டேன். அப்போதுதான் முதல் பனி விழ ஆரம்பித்தது. கோட்டு இல்லாமல் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்து, பூட்டிய வீட்டு வாசலில் பல் கிட்டித்து நிற்பாய், உள்ளே அடுப்பும் அணைந்து கிடக்கும். அடுப்பை மூட்டிவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். விறகு ஈரம். பிடிக்கவில்லை. ஊதி ஊதி, ஒரு வழியாகப் பிடித்தபோது, அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அணைந்துவிடும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன். விடிய விடிய விறகு போட்டேன். ஷெரீஃப் ஆள் திங்கட்கிழமை வந்து தட்டியபோது நான் ஜல்லிக்குழியில் இருந்தேனாம்; மறுபடி வருவதற்குள் பனியில் சறுக்கிய வண்டிகளைப் பார்க்கப் போக வேண்டியதாகி, உனக்கு அப்புறம்தான் வந்தான்.

காலையில் நீ கதவை உடைக்காத குறையாகத் தட்டினாய். அரைக்கை சட்டை, கக்கத்தில் அம்மாவின் கெண்டி. "மொதல்ல காபி போடுடா, அப்புறம் பேசலாம்" என்றாய். காபி கொதிப்பதற்குள் பேசிவிட்டாய்.

"சுடப் போறியா?"

"ஆமா."

"யாரை?"

"லைலை. அப்புறம் யார் இருந்தாலும்."

"அப்புறம் உன்னை?"

"ஆமா."

நீ அழுவாய் என்று நினைத்தேன். "சரி, வண்டிச் சாவியக் குடு" என்று கையை நீட்டினாய், பள்ளிக்கூடப் பையன் கையிலிருந்து பட்டாசைப் பிடுங்குகிற மாதிரி. ஏழு மாதத்தில் யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றதில்லை, அக்கா. நீ நின்றாய். எனக்கு அழுகை வந்தது அதனால்தான், மாட்டிக்கொண்டதால் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். கஸ் வந்து துப்பாக்கிகளைக் கடைக்கு எடுத்துப் போனான். மார்க்கெட் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் ஷெரீஃப் ஆளிடமும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். லைலுக்கும் தகவல் சொல்லிவிட்டார்கள்.

பதினான்காம் தேதி காலை ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மில்லில் எல்லாரும் முட்டையும் பன்றிக்கறியும் சாப்பிடுகிற நேரம். எனக்கு ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார்கள். சாப்பிட்டேன். அந்த நாளில் நடந்தது அவ்வளவுதான்.

உன்
ஆர்வித்

~

அமரில்லோ
26 பிப்ரவரி 2017

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸிலேயே படித்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான், பயப்படாதே. படித்துவிட்டு, காலியான பஸ்ஸில் வாய்விட்டுக் கத்தினேன். வாண்டா ஓடி வந்து, "என்னடி ஆச்சு, லாட்டரி விழுந்துச்சா?" என்றாள். "அதைவிடப் பெருசு" என்றேன்.

நானும் ஒன்று சொல்கிறேன். வழியெல்லாம் எனக்கு உன்மேல் பயமே வரவில்லை. கோபம்தான். "என் தம்பியை எவன்டா இப்படிப் பண்ணினான்" என்று ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டே ஓட்டினேன். கடைசித் திருப்பத்தில் நம் வீட்டுப் புகைபோக்கியில் புகை தெரிந்தது. ஆள் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று அங்கேயே வண்டியை நிறுத்தி அழுதேன். அதனால்தான் உன் வாசலில் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்தேன். நீ என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொண்டிருந்தால் நினைத்துக்கொள்.

ஆனால் ஒரு கணக்கு சரி செய்ய வேண்டும். நான்தான் உன்னைத் தடுத்த மாதிரி எழுதுகிறாய். நான் வந்து சேர்ந்தபோது நீ ஏற்கெனவே அடுப்பு மூட்டிவிட்டாய். பாதி ஜெயித்தது நீ. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. டாக்டர் சொன்ன புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போ, போகாவிட்டால் மறுபடி கிளம்பி வருவேன், இந்த முறை பஸ்ஸையே எடுத்துக்கொண்டு.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா ஐலா

~

எல்ம் பே
17 ஜூன் 2018

அன்புள்ள அக்கா,

நேற்று பெர்னீஸ் மகளுக்குக் கல்யாணம். ஊர் மண்டபத்தில் விருந்து. மில்லில் பாதிப் பேர் அங்கேதான்.

பத்திரிகை வந்தபோதே நான் பெர்னீஸ் வீட்டுக்குப் போய், "நான் வர்றது சரியில்ல" என்றேன். அவளுக்கு விஷயம் தெரியும். போன வருஷம் வசந்தத்தில் நானே போய்ச் சொன்னேன். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டாள். வெகு நாள் பேசவில்லை. இப்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "லைல்கிட்ட கேட்டேன். பரவாயில்லைன்னான். நீ வர்ற. கோட்டு போட்டுட்டு வர்ற, அந்தப் பழைய ஸ்வெட்டரோட வந்தா வெளியிலயே நிக்க வெப்பேன்" என்றாள்.

கோட்டு போட்டுக்கொண்டு போனேன். கதவுகிட்டே ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே அக்கார்டியன், சத்தம், குழந்தைகள் மேஜைக்கடியில். அன்றைக்குத் தட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். ஒருத்தனுக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறான், தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

லைல் இரண்டு பீரோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஒன்றை என் பக்கம் தள்ளினான். அப்புறம், "ரொம்ப நாள் எனக்குப் பயமா இருந்துச்சு ஆர்வித். கார்ல ஏறும்போதெல்லாம் பின்னாடி பாப்பேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றான்.

"எனக்கும்தான் லைல். எம்மேலயே."

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்திருக்கணும் நான்."

"பாத்திருக்கணும்" என்றேன். சும்மா விட மனசு வரவில்லை. அவன் தலையாட்டினான். மன்னிப்பு கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பீரைக் குடித்தோம்.

அப்போது பெர்னீஸ் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு ஆடத் தெரியாது என்றேன். "எனக்கு மட்டும் தெரியுமா? வா" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மிதித்துக்கொண்டு சுற்றினோம். அவள் மகள் வெள்ளை உடையில் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அவர் கால் உடைஞ்சிரும்!" என்று கத்தினாள். அம்மா என்று கூப்பிட அவளுக்கு ஆள் இருந்தது. நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன், அக்கா. பெர்னீஸ், "என்ன, வயசாயிடுச்சா?" என்றாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆடினேன்.

மண்டபம் மூடும்வரை இருந்தேன். ஒருத்தர் விடாமல் கார் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன்.

உன் தம்பி
ஆர்வித்